மருத்துவக் காப்பீடு: எதற்காகக் கட்ட வேண்டும், எதுவரை கட்ட வேண்டும்?

பாலிசியைப் புதுப்பிக்கும் தேதி நெருங்கும்போதெல்லாம் நடுத்தரக் குடும்பங்களில் ஒரு பேச்சு எழுகிறது. ‘மூணு வருஷமா கட்டுறோம், ஒரு தடவைகூட ஆஸ்பத்திரிப் பக்கம் போகல. இந்த வருஷமும் இருபதாயிரத்தைத் தூக்கிக் கொடுக்கணுமா?’ கேட்பவர் மீது தவறில்லை. வாடகை, பள்ளிக் கட்டணம், வண்டித் தவணை, மளிகைக் கணக்கு எல்லாம் போக மிஞ்சுகிற கொஞ்சத்திலிருந்துதான் அந்தப் பணத்தை எடுத்தாக வேண்டும். ஆனால், போட்ட பணம் திரும்பி வருமா என்பது சேமிப்பைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி. காப்பீட்டைப் பற்றிக் கேட்க வேண்டியது வேறு. நாளைக்கே ஏழெட்டு லட்ச ரூபாயை மருத்துவமனையில் கட்ட நேர்ந்தால், வட்டிக்கு வாங்காமல், நகையை அடகு வைக்காமல், இருக்கிற மனையை விற்காமல் இந்தக் குடும்பம் தாக்குப்பிடிக்குமா? பிடிக்காது என்றால், காப்பீடு எடுக்கத்தான் வேண்டும். அதே நேரம், தாங்க முடியாத செலவுக்காக மட்டும் எடுக்க வேண்டும். தாங்கக்கூடிய செலவைச் சேமிப்பு பார்த்துக்கொள்ளும். இந்த எல்லையைத் தெரிந்து கட்டுவதுதான் பணவிஷயத்தில் ஒரு குடும்பம் காட்டக்கூடிய பொறுப்பு. அந்தப் பொறுப்பைக் குடும்பத்தின் தலையில் மட்டும் சுமத்திவிட்டு அரசு ஒதுங்கிக்கொள்ள முடியாது என்பதும் இதே வாதத்தின் இன்னொரு பாதி.

முதலில் செலவு யார் மடியில் விழுகிறது என்று பார்ப்போம். மத்திய அரசின் தேசிய சுகாதாரக் கணக்குகளின்படி, 2013-14-இல் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 64.2 சதவீதத்தை மக்கள் நேரடியாகத் தங்கள் கையிலிருந்து கொடுத்தார்கள். 2021-22-இல் அது 39.4 சதவீதமாகக் குறைந்தது. நல்ல மாற்றம்தான். என்றாலும், பத்து ரூபாய் செலவில் நான்கு ரூபாய் இன்னும் நோயாளி வீட்டிலிருந்தே போகிறது. 2017-18-இல் நடந்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு, மருத்துவமனையில் படுத்துச் சிகிச்சை பெற்றவர்களின் செலவைக் கணக்கிட்டது. அரசு மருத்துவமனையில் சராசரி 4,452 ரூபாய். தனியாரில் 31,845 ரூபாய். இது சராசரி என்பதை மறக்கக் கூடாது. காய்ச்சலுக்கு இரண்டு நாள் படுத்தவரும், மூளையில் ரத்தக்கசிவுக்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவரும் அந்த ஒரே எண்ணுக்குள் இருக்கிறார்கள். ஒரு குடும்பத்தைச் சாய்ப்பது சராசரிச் செலவு அல்ல. இதயம், சிறுநீரகம், புற்றுநோய், சாலை விபத்து என்று எப்போதாவது வந்து லட்சக்கணக்கில் கேட்கும் செலவுதான். அந்த நேரத்தில் பேரம் பேசவோ, நாலு இடம் விசாரிக்கவோ யாருக்கும் மனம் வராது. அவசரத்தில் வாங்கும் கடனுக்குக் கேட்கிற வட்டிதான் வட்டி. நோய் குணமான பிறகும் கடன் குணமாகாத வீடுகள் உருவாவது இப்படித்தான்.

‘அரசுக் காப்பீடு இருக்கிறதே, தனியாக எதற்கு?’ என்பது தமிழ்நாட்டில் முதலில் வரும் எதிர்வாதம். இங்கே அதற்கு வலுவான அடிப்படை உண்டு. 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடந்துவரும் ஏற்பாடு, ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை தருகிறது. ஆனால், அதற்கு வருமான வரம்பு உண்டு. 72,000 ரூபாயாக இருந்த ஆண்டு வருமான வரம்பு 2022-இல் 1.20 லட்சமாக உயர்த்தப்பட்டது. மாதத்துக்கு 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல், 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் தொழிலாளிக்கு இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீடு இருக்கிறது. ஆனால் அவர் பதிவுபெற்ற நிறுவனத்தில், சம்பளப் பட்டியலில் இருக்க வேண்டும். மாதம் 18,000 சம்பாதிக்கும் ஆட்டோ ஓட்டுநர், பெட்டிக்கடைக்காரர், வீட்டில் தையல் மிஷின் போட்டிருப்பவர், 30,000 வாங்கும் தனியார் பள்ளி ஆசிரியர் ஆகியோருக்கு இரண்டு கதவுகளும் மூடியிருக்கின்றன. மத்திய அரசு 2024 அக்டோபரில் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டத்தை 70 வயது நிரம்பிய எல்லோருக்கும் வருமானம் பாராமல் விரிவுபடுத்தியது. ஐம்பத்தெட்டிலோ அறுபதிலோ வேலை முடிந்தவர் எழுபதை எட்டும்வரை என்ன செய்வது? நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட அறிக்கை, இப்படி எந்தப் பாதுகாப்பிலும் அடங்காமல் நடுவில் விடுபட்டவர்கள் சுமார் 40 கோடிப் பேர் என்றது. ஏழை என்று ஏற்கப்படாதவர்கள், பணக்காரராகவும் இல்லாதவர்கள். நான் கட்டச் சொல்வது இவர்களிடம்தான்.

அடுத்த வாதம் கணக்குத் தெரிந்தவர்களுடையது: ‘பிரீமியத்தை நானே வங்கியில் போட்டு வைத்தால் தேவைப்படும்போது எடுத்துக்கொள்வேனே.’ போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு 20,000 ரூபாயை 7 சதவீத வட்டியில் சேர்த்தால் மூன்றாண்டு முடிவில் கையில் சுமார் 64,000 ரூபாய் இருக்கும். பத்தாண்டில் 2.76 லட்சம். இருபது ஆண்டில் 8.2 லட்சம். இருபதாவது ஆண்டில்தான் நோய் வரும் என்று யாராவது எழுதிக் கொடுத்தால் இந்த வழி நல்ல வழி. மூன்றாவது ஆண்டில் மாரடைப்பு வந்தால் 64,000 ரூபாய் எத்தனை நாளுக்குக் காணும்? அதோடு, எட்டு லட்சம் சேரும் அந்த இருபது ஆண்டுகளில் சிகிச்சைச் செலவு நின்ற இடத்தில் நிற்காது. அந்தச் சேமிப்பின் மேல் பிள்ளையின் கல்லூரிக் கட்டணமும் மகளின் திருமணமும் கை வைக்காமல் இருப்பதும் அரிது. நமக்கு நன்கு பழகிய சீட்டோடு ஒப்பிட்டால் வித்தியாசம் விளங்கும். சீட்டில் எல்லோருக்கும் ஒரு முறை பணம் வரும், அதற்காகத்தான் கட்டுகிறோம். காப்பீட்டிலோ, நம் முறை வராமல் போவதுதான் நல்லது. நூறு குடும்பங்கள் கட்டிய பணத்தில் நான்கைந்து குடும்பங்கள் அந்த ஆண்டு பிழைக்கின்றன. எந்த நான்கு என்பது முன்கூட்டித் தெரியாததால்தான் நூறு பேரும் சேர வேண்டியிருக்கிறது. திடமாக இருப்பவர்கள் ‘எனக்கெதற்கு’ என்று விலகிக்கொண்டால், நோயாளிகள் மட்டும் மிஞ்சி, பிரீமியம் அவர்களாலும் கட்ட முடியாத உயரத்துக்குப் போய்விடும்.

இளையவர்கள் சொல்வது இது: ‘இப்போது உடம்பு நன்றாக இருக்கிறது, நாற்பதுக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம், கம்பெனி பாலிசி வேறு இருக்கிறது.’ உடம்பு நன்றாக இருப்பதால்தான் இப்போது எடுக்க வேண்டும். ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு, பாலிசி தொடங்கியதும் பணம் கிடைத்துவிடாது. காத்திருப்புக் காலம் உண்டு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-இல் அதன் உச்சவரம்பை நான்கு ஆண்டிலிருந்து மூன்று ஆண்டாகக் குறைத்தது. குறைத்த பிறகும் மூன்று ஆண்டு என்பது சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வந்தவருக்கு நீண்ட காலம். நாற்பத்தைந்தில் சர்க்கரை வந்த பிறகு தேடிப் போனால், நிறுவனம் கூடுதல் பிரீமியம் கேட்கலாம், மறுக்கவும் செய்யலாம். முப்பதில் எடுத்தவருக்கோ நாற்பத்தைந்துக்குள் எல்லாக் காத்திருப்பும் முடிந்திருக்கும். கம்பெனி பாலிசி நல்ல துணை, ஆனால் வேலை இருக்கும்வரைதான் அது துணை. ஆட்குறைப்பில் வேலை போகும் மாதமும் அப்பாவுக்கு பைபாஸ் செய்ய வேண்டிய மாதமும் ஒன்றாக வராது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. பணிஓய்வு பெறும் நாளில் அது நிச்சயம் போய்விடும். காப்பீடு அதிகம் தேவைப்படும் வயது அன்றைக்குத்தான் தொடங்குகிறது.

இவை எல்லாவற்றையும்விட மக்கள் மனதில் ஆழமாக இருப்பது அவநம்பிக்கை. ‘கட்டும்போது சிரித்துப் பேசுவார்கள், கேட்கும்போது சட்டம் பேசுவார்கள்.’ இதை வெறும் மனக்குறை என்று தள்ளிவிட முடியாது. ஒழுங்குமுறை ஆணையத்தின் ஆண்டறிக்கைப்படி, 2023-24-இல் வந்த மருத்துவக் காப்பீட்டு கிளைம்களில் எண்ணிக்கையில் 83 சதவீதத்துக்குப் பணம் தரப்பட்டது. 11 சதவீதம் மறுக்கப்பட்டது. மீதி அந்த ஆண்டு முடிவில் நிலுவையில் இருந்தது. ஒன்பதில் ஒன்று மறுக்கப்படுவது சிறிய விஷயமல்ல. பணம் தரப்படும் இடத்திலும் முழுமையாகக் கிடைக்காமல் போவதுண்டு. அறை வாடகை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒருவருடைய பாலிசியில் அறை வாடகைக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வரம்பு. அவர் 8,000 ரூபாய் அறையில் ஐந்து நாள் தங்குகிறார். வாடகை வித்தியாசமான 15,000 மட்டும் தன் கையிலிருந்து போகும் என்று நினைக்கிறார். ஆனால் மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கு, செவிலியர் கட்டணம் ஆகியவையும் அறையின் தரத்துக்கேற்ப ஏறுவதால், நிறுவனம் அவற்றையும் எட்டில் ஐந்து பங்காகக் குறைத்தே தரும். இவை 1,60,000 ரூபாய் என்றால் கிடைப்பது ஒரு லட்சம். ஆக, டிஸ்சார்ஜ் ஆகும் நேரத்தில் 75,000 ரூபாய் புரட்ட வேண்டும். மருந்துக்கும் உடலில் பொருத்தும் கருவிகளுக்கும் பரிசோதனைகளுக்கும் இந்தக் குறைப்பு கூடாது என்று விதி இருப்பது ஓரளவு ஆறுதல். பாலிசியில் ஒரே ஒரு வரியாக இருக்கும் இந்த நிபந்தனையை விற்பவர் வாய்திறந்து சொல்வது அபூர்வம்.

ஆனாலும், பதினொரு சதவீதத்தைக் காட்டி எண்பத்து மூன்று சதவீதத்தைக் கைவிடுவது சரியாகாது. மறுப்புகளுக்கான பல காரணங்கள் நம் கைக்குள் அடங்குபவை. விண்ணப்பத்தில் சர்க்கரை நோயை மறைப்பது, முகவர் நிரப்பிய படிவத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவது, காத்திருப்புக் காலம் தெரியாமல் அறுவைச் சிகிச்சைக்குத் தேதி குறிப்பது ஆகியவை அவற்றில் முக்கியமானவை. ‘சொன்னால் பிரீமியம் ஏறும், சொல்லாதீங்க’ என்று அறிவுரை தருகிறவர் நமக்கு நல்லது செய்யவில்லை. நிறுவனத்தின் கையில் இருப்பவற்றுக்கு விதிகள் முன்பைவிட இறுகியிருக்கின்றன. பாலிசி தொடர்ச்சியாக ஐந்தாண்டு ஓடிவிட்டால், மோசடி நிரூபணமானாலொழிய, பழைய நோயை மறைத்தீர்கள் என்று சொல்லி மறுக்க முடியாது; முன்பு இது எட்டாண்டாக இருந்தது. ரொக்கமில்லாச் சிகிச்சைக்கான அனுமதியில் ஒரு மணி நேரத்திலும், டிஸ்சார்ஜுக்கான இறுதி அனுமதியில் மூன்று மணி நேரத்திலும் முடிவு சொல்ல வேண்டும் என்று ஆணையம் 2024-இல் சுற்றறிக்கை அனுப்பியது. பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் நிபந்தனைகள் பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம். நிறுவனம் மறுத்துவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் முறையிடலாம். சென்னையிலும் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வேண்டாம், 50 லட்சம் ரூபாய் வரை இழப்பீடு வழங்க அவருக்கு அதிகாரம் உண்டு. கிளைம் மறுக்கப்பட்டதும் நொந்துபோய் வீட்டில் உட்காராமல் இந்தக் கதவைத் தட்டுவதும் பண விஷயத்தில் பொறுப்புதான்.

எவ்வளவு கட்டுவது என்ற இடத்தில்தான் பலர் இரண்டு பக்கமும் தவறுகிறார்கள். ஒரு பக்கம் எதுவுமே எடுக்காதவர்கள். இன்னொரு பக்கம், வெளிநோயாளிச் செலவு, பல், கண்ணாடி, ஆண்டுப் பரிசோதனை என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பெரிய பிரீமியம் கட்டிவிட்டு, இரண்டு ஆண்டில் சலித்துப் போய் மொத்தத்தையும் விட்டுவிடுகிறவர்கள். மருத்துவரைப் பார்க்க 500 ரூபாய், மாத்திரைக்கு 1,500 என்பது வரும் என்று தெரிந்த செலவு. தெரிந்த செலவைக் காப்பீட்டின் வழியாகக் கொடுத்தால், அதே செலவோடு நிறுவனத்தின் நிர்வாகச் செலவையும் லாபத்தையும் சேர்த்துத்தான் கொடுக்கிறோம். அதை வீட்டிலேயே சேமிப்பாக வைத்துக்கொள்வது மலிவு. மூன்று, நான்கு மாதக் குடும்பச் செலவுக்கான பணம் எப்போதும் எடுக்கக்கூடிய கணக்கில் இருக்கட்டும். அதற்கு மேல், அறை வாடகை நிபந்தனை கடுமையில்லாத ஐந்து லட்ச ரூபாய் குடும்பப் பாலிசி ஒன்று. இன்னும் தேவை என்று தோன்றினால், முதல் ஐந்து லட்சத்துக்குப் பிறகே பணம் தரத் தொடங்கும் சூப்பர் டாப்-அப் ஒன்றைச் சேர்க்கலாம். முதல் பகுதியை அது ஏற்பதில்லை என்பதால் பிரீமியம் வெகுவாகக் குறையும். குடும்பம் சாயக்கூடிய பெரிய செலவுக்குத் துணை நிற்கும். வயதான பெற்றோரை அதே குடும்பப் பாலிசியில் சேர்த்தால், வீட்டில் மூத்தவரின் வயதை வைத்து எல்லோருக்கும் பிரீமியம் ஏறும். அவர்களுக்குத் தனியாக எடுப்பதுதான் பெரும்பாலும் லாபம்.

பிரீமியம் ஆண்டுக்காண்டு ஏறுகிறது என்ற புகாருக்குக் குடும்பத்திடம் பதில் இல்லை; பதில் சொல்ல வேண்டியவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். மருத்துவக் காப்பீடு மட்டும் விற்கும் தனியார் நிறுவனங்கள் 2023-24-இல் வசூலித்த ஒவ்வொரு 100 ரூபாய் பிரீமியத்திலும் கிளைமாகத் திரும்பியது ஏறத்தாழ 65 ரூபாய்தான். பொதுத்துறை நிறுவனங்களில் அது நூறைத் தாண்டியது. இரண்டுமே நல்லதல்ல. முதலாவது வாடிக்கையாளருக்கு நட்டம்; இரண்டாவது நெடுநாள் நிலைக்காது. ஆனால் முப்பத்தைந்து ரூபாய் எங்கே போகிறது, அதில் முகவர் கமிஷன் எவ்வளவு, விளம்பரம் எவ்வளவு என்று கேட்க ஒழுங்குமுறை ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. கேட்டால் நடக்கும் என்பதற்குச் சமீபத்திய சான்றுகளும் உண்டு. மூத்த குடிமக்களின் பிரீமியத்தை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் தன்னிடம் கேட்காமல் ஏற்றக் கூடாது என்று 2025 ஜனவரியில் ஆணையம் உத்தரவிட்டது. தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 18 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி, நெடுநாள் கோரிக்கைக்குப் பிறகு 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டது. அந்தச் சலுகை முழுவதும் பாலிசிதாரரின் கைக்கு வந்ததா என்று கண்காணிப்பது அடுத்த வேலை. மூத்தோருக்குத் தந்த உச்சவரம்பை ஐம்பதைத் தாண்டியவர்களுக்கும் நீட்டிக்க வேண்டும்.

இதைவிடக் கனமான எதிர்வாதம் ஒன்று உண்டு. காப்பீடு பரவப் பரவத் தனியார் மருத்துவமனைகளின் பில் வீங்குகிறது, அரசு மருத்துவமனைகள் புறக்கணிக்கப்படுகின்றன. ஆகவே காப்பீடு எடுக்கச் சொல்வதே சுகாதாரத்தைச் சந்தைக்குத் தள்ளிவிடும் வேலை என்கிறார்கள். இந்தக் கவலையில் உண்மை இருக்கிறது. ‘காப்பீடு இருக்கா?’ என்று வரவேற்பறையில் கேட்ட பிறகே அறையும் பரிசோதனைகளும் முடிவாகும் வழக்கம் எல்லோருக்கும் தெரியும். இந்த நோய்க்கான மருந்து, விலைக் கட்டுப்பாடு. 2017 பிப்ரவரியில் இதய ஸ்டென்டுக்கு அரசு உச்ச விலை நிர்ணயித்தபோது, லட்ச ரூபாயைத் தாண்டி விற்ற மருந்து பூசிய ஸ்டென்ட் 29,600 ரூபாய்க்கு இறங்கியது. அறை, அறுவை, பரிசோதனை ஆகியவற்றுக்கும் வெளிப்படையான கட்டணப் பட்டியல் வேண்டும் என்று வற்புறுத்த அதுவே போதுமான முன்னுதாரணம். தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளும், மருந்துகளை மொத்தமாக வாங்கி இலவசமாக வழங்க வழிசெய்யும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகமும் நாடே பார்த்துப் பின்பற்றிய சாதனைகள். அவற்றை வலுப்படுத்தப் போராடுவதும், அதுவரை தன் வீட்டைக் காத்துக்கொள்வதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. நள்ளிரவில் நெஞ்சு வலிக்கும்போது பக்கத்தில் எந்த மருத்துவமனை இருக்கிறதோ அங்கேதான் ஓடுவோம். கொள்கைத் தீர்வு வரும்வரை நோய் காத்திருக்காது.

விடுபட்ட நடுத்தரத்துக்கு அரசு திறக்கக்கூடிய கதவு ஒன்று கண்ணெதிரே இருக்கிறது. ராஜஸ்தான் அரசு 2021-இல், இலவசத் திட்டத்துக்குத் தகுதியில்லாத குடும்பங்களும் ஆண்டுக்கு 850 ரூபாய் கட்டினால் 5 லட்ச ரூபாய்க் காப்பீட்டில் சேரலாம் என்றது. தமிழ்நாட்டிலேயே அரசு ஊழியர்களுக்காக 2021-இல் தொடங்கிய புதிய காப்பீட்டுத் திட்டம், சம்பளத்தில் மாதம் 300 ரூபாய் பிடித்துக்கொண்டு குடும்பத்தையே காக்கும் விதமாக அமைந்தது. எல்லோரும் சேர்வதால், ஒருவரையும் வடிகட்டாததால், அந்தத் தொகை சாத்தியமானது. ஆட்டோ ஓட்டுநரும் கடைக்காரரும் நியாயமான கட்டணம் செலுத்தி முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சேர இதேபோல் வழி செய்யலாம். தங்களால் முடிந்ததைக் கட்ட அவர்கள் தயாராக இருக்கிறார்கள், இலவசம் கேட்கவில்லை. மாதக் கடைசியில் கையில் எதுவும் மிஞ்சாத குடும்பத்திடம் பொறுப்பு பற்றிப் பாடம் நடத்துவது நியாயமில்லை. அவர்கள் கடன் வாங்கிப் பிரீமியம் கட்டுவதும் சரியல்ல. முதல் வேலையாக அரசுத் திட்டத்துக்குத் தகுதி உண்டா என்று பார்த்துப் பதிவு செய்துகொள்ளட்டும், இஎஸ்ஐ தர வேண்டிய முதலாளியிடம் அதைக் கேட்டுப் பெறட்டும். ஆனால் ஆண்டுக்குப் பதினைந்து, இருபதாயிரம் ஒதுக்க முடிந்த குடும்பத்துக்கு இனியும் தள்ளிப்போடக் காரணம் இல்லை. விண்ணப்பத்தில் உண்மையை எழுதுங்கள், அறை வாடகை வரியைப் படியுங்கள், பெரிய செலவுக்கு மட்டும் எடுங்கள், ஒரு வருடமும் விடாமல் புதுப்பியுங்கள். கட்டுகிறவர்கள் பெருகினால்தான் பிரீமியம் ஏன் ஏறுகிறது, பில் ஏன் வீங்குகிறது என்று கேட்கும் குரலும் பெருகும்.